கப்பல் சங்கத்து அடுப்பு

கும்மிடிப்பூண்டி முகாம்
14-6-1965

என் உயிருக்கு மேலான மாமாவுக்கு,

அங்காளம்மாள் கும்பிட்டு எழுதுகிறேன். நானும் குழந்தை சந்திரகலாவும் சுகமாகக் கரை சேர்ந்தோம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்பீர்கள். போனோம், திரும்பியும் வந்துவிட்டோம்.

ரங்கூன் துறைமுகத்தில் நீங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தீர்களே, அப்போதே உள்ளே எங்களைச் சோதனை போட ஆரம்பித்துவிட்டார்கள். தங்கம் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். தாலியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எனக்கு முன்னால் நின்றவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மெட்ராஸில் இறங்கி, நீங்கள் சொன்னபடி ஆர்.கே.பேட்டைக்கு உங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். வயிறாரச் சோறு போட்டார்கள், குறை சொல்லக் கூடாது. மறுநாள் காலையில் உங்கள் சித்தி, "கப்பல்ல வந்தவங்களுக்கெல்லாம் கும்முடிப்பூண்டி கிட்ட முகாம் போட்டுக்கீறாங்களாமே, நீ இன்னும் போவலையா?" என்று கேட்டார். நான் மூட்டையைப் பிரிக்கவே இல்லை, அதனால் கட்டுகிற வேலையும் இல்லாமல் போயிற்று.

முகாம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. நீளக் கொட்டகை, நடுவில் சாக்குத் தடுப்பு. நாங்கள் வந்த அன்று சாயங்காலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாயாரம்மாள் என்று ஒருவர் வந்தார். நெல் விவசாயக் குடும்பம். ஒரு தட்டு நிறைய மஞ்சள் கிழங்கும் கயிறும் கொண்டுவந்திருந்தார். "இத்தினி பொம்பளைங்க மூளிக்கழுத்தோட உக்காந்துக்கீறீங்களே, பாக்க முடியலம்மா" என்று சொல்லி, வேப்பமரத்தடியில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்தார். அவரவர் புருஷன் அவரவர் பெண்சாதிக்கு மறுபடி கட்டினார்கள். பேரன் பேத்தி எடுத்த கிழவர்களெல்லாம் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்கள், அவ்வளவு துக்கத்திலும் சிரித்தோம்.

எனக்குக் கட்ட ஆளில்லை. தாயாரம்மாள் தாமே கட்டிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முறையில்லைதான். நீங்கள் வந்து அதை அவிழ்த்துவிட்டுச் சரியாகக் கட்டுங்கள்.

பிறகு அந்த அம்மாள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று செங்கல் கொடுத்து அடுப்புக் கூட்டச் சொன்னார். தம் வீட்டு அடுப்புத் தணலைச் சட்டியில் கொண்டுவந்து என் அடுப்பில்தான் முதலில் போட்டார். நான் தனியாக உட்கார்ந்திருந்ததால் இருக்கும்.

மில் பொறுப்பை ஒப்படைத்ததும் அடுத்த கப்பலில் ஏறிவிடுங்கள். குழந்தை ஒவ்வொரு ரயிலையும் எட்டிப் பார்க்கிறாள்.

தங்கள் பாதம் பணியும் மனைவி,
அங்காளம்மாள்


ரங்கூன்
2-9-1965

சௌபாக்கியவதி அங்காளம்மாளுக்கு,

துளசிராமன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. உன் கடிதம் கண்டு ஆனந்தமும் வேதனையும் ஒருங்கே அடைந்தேன். சித்தப்பா அப்படி நடந்துகொள்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே.

மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய எழுத்தர்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்காமல் போகக் கூடாது என்று உத்தரவு. கார்த்திகைக்குள் வந்துவிடுவேன். நீயே கட்டிக்கொண்ட முடிச்சைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்து நானே கட்டுகிறேன். குழந்தைக்கு முத்தங்கள்.

உன் நினைவாகவே இருக்கும்,
துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
20-9-1966

என் உயிருக்கு மேலான மாமாவுக்கு,

கார்த்திகை போய் அடுத்த கார்த்திகையும் வரப்போகிறது. நான் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கிறீர்களா, வேறு யாராவது படிக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நீங்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இங்கே ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறோம். தாயாரம்மாளின் வீட்டுக்காரர் அருணகிரி ஐயாதான் தலைவர். மோல்மேனில் வாத்தியாராக இருந்து, நம்மைப் போலவே கப்பலில் வந்த ஜோசப் சார் செயலாளர். பலகையில் 'கடல் கடந்து மீண்டோர் நல்வாழ்வு உதவிச் சங்கம்' என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் ரயில் போய்விடும். ஊரார் கப்பல் சங்கம் என்கிறார்கள். ஆபீஸ், ஸ்டேஷன் பக்கத்தில் பழைய நெல் கிடங்கு. எலிதான் எங்களுக்கு முந்திய உறுப்பினர்.

எனக்குத் தமிழும் பர்மியப் பேச்சும் வருவதால் ஸ்டேஷனில் புதிதாக வருகிறவர்களை இறக்கிக் கூட்டிவரும் வேலை எனக்கு. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் என்றால் பள்ளிக்கூடம், ஆம்பிளைகளுக்குச் செங்கல் சூளையிலும் பொன்னேரி அரிசி மில்லிலும் வேலை. ஜோசப் சார் ஊர் ஊராகப் போய் மல்லுக்கு நிற்கிறார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வந்து இறங்கினவர்களுக்கு முதலில் மூன்று செங்கல். அவர்களுக்கு முன்னே கடைசியாக வந்த குடும்பத்தின் அடுப்பிலிருந்து தணல். அடுப்பு எரிந்து ஒரு வாய் சாப்பிடும்வரை, ஏன் வந்தீர்கள், யாரை விட்டு வந்தீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. ஜோசப் சார் முதலில் பெயர் எழுத வேண்டும் என்றார். உங்களை முதல் நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் மனைவியைக் கடலில் பறிகொடுத்து வந்தவர். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். ஆடி மாதம் வந்த ஒருவர், உங்கள் மில் பக்கம் விஷக் காய்ச்சல், நிறையப் பேர் போய்விட்டார்கள் என்றார். தாயாரம்மாள் என்னைப் பெரியபாளையத்துக்குக் கூட்டிப்போனார். ஆற்றில் முழுகி, வேப்பிலையை உடம்பில் கட்டிக்கொண்டு பவானி அம்மனைச் சுற்றி வந்தேன். அங்கே ஒரு வேண்டுதல் உண்டு. புருஷன் உயிருக்கு ஆபத்து என்றால், தாலியை உனக்கே தருகிறேன், அவரைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்வார்கள். பிழைத்து வந்ததும் தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டு, சன்னதியிலேயே புருஷன் கையால் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள்.

நானும் வேண்டிக்கொண்டேன். வரவேண்டும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை மாமா. உயிரோடு இருந்தால் போதும் என்று மட்டும்தான் கேட்டேன்.

ஒரு வரி போடுங்கள்.

தங்கள்,
அங்காளம்மாள்


ரங்கூன்
11-2-1967

சௌபாக்கியவதி அங்காளம்மாளுக்கு,

துளசிராமன் ஆசிகள். அம்மன் உன் குரலைக் கேட்டுவிட்டாள். நான் உயிரோடு இருக்கிறேன். அந்தக் காய்ச்சலில் மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தேன். முடியெல்லாம் கொட்டிவிட்டது. அக்கம்பக்கத்தார் கைவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கை இன்று பேனாவைப் பிடித்திராது.

வேண்டுதலை இப்போது செலுத்திவிடாதே. நான் வந்தபின் சேர்ந்தே போவோம். உடம்பு தேறட்டும். இப்போது வெளியேறும் அனுமதிக்கு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. நீ சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருப்பது எனக்குப் பெருமை.

துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
5-10-1969

என் உயிருக்கு மேலான மாமாவுக்கு,

அடியாள் அங்காளம்மாளின் நமஸ்காரம். சந்திரகலா மூன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். உங்கள் முகத்தைப் படத்தில் பார்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள், அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சங்கம் பாடுபட்டு ரயில் பாதைக்கு மேற்கே வீட்டு மனைக்கு நிலம் வாங்கியிருக்கிறது. கல்லும் சப்பாத்திக் கள்ளியும் மண்டிய இடம். ஆம்பிளை பொம்பளை எல்லாரும் சேர்ந்து வெட்டிச் சமன் செய்தோம். பக்கத்திலே தொழிற்சாலைகள் வரும் என்று பேச்சு இருக்கிறது. வந்தால் பிள்ளைகளுக்கு நல்லது.

ஆனால் மனை கொடுக்கிற ஆபீசில், குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் விதவையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். என்னைப் போல இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் இருக்கிறவர்களுக்கு அவர்களிடம் பெயரே இல்லை. அருணகிரி ஐயா நல்ல மனசோடுதான் சொன்னார். "யம்மா, நாலு வருசமா கொட்டாய்ல கீற. புருசன் தவறிட்டாருன்னு சொல்லிட்டா அடுத்த வாரமே உனுக்கு மனை. அவுரு வந்தா அப்ப பாத்துக்கலாம். இன்னா கெட்டுப்போச்சு?"

நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு, கயிற்றைக் கழற்றிவிட்டு ஆபீசில் போய் நிற்க வேண்டுமாம். அம்மனிடம் உங்கள் உயிரைக் கேட்டு வாங்கிவந்த வாயால் உயிர் இல்லை என்று சொல்ல வேண்டும். குடித்துக்கொண்டிருந்த மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பெரியவர் பாவம், அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொங்கல்வரை எனக்கு மனையை நிறுத்திவைக்க ஜோசப் சார் கேட்டிருக்கிறார். நீங்கள் உங்கள் கையால், இன்ன மாதம் வருகிறேன் என்று எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

தங்கள்,
அங்காளம்மாள்


ரங்கூன்
28-12-1969

சௌபாக்கியவதி அங்காளம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நன்றாக யோசித்துப் பார்த்தேன். மாதம் குறிப்பிட்டு எழுதிவிட்டு வராமல் போனால் உனக்கும் சங்கத்துக்கும் கெட்ட பெயர். அருணகிரி அவர்கள் அனுபவசாலி. அவர் சொல்கிறபடியே செய்துவிடு. ஆபீசில் ஒரு வார்த்தை சொல்வதால் மனிதன் இறந்துவிடுவதில்லை. உணர்ச்சிவசப்பட்டு குழந்தையின் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை.

துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
17-3-1971

மாமாவுக்கு,

அங்காளம்மாள் எழுதுவது. நானும் சந்திரகலாவும் நலம்.

உங்கள் சென்ற கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. உங்களுக்கு வருத்தம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இருந்தது. அதை ஆற்றிக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. முகாமில் என்னைப் போலப் புருஷனை அக்கரையில் விட்டுவந்த பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், பொட்டும் கயிறுமாக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். "புருசன் கீறாரு, இங்க இல்ல. அடுப்ப நாங்கதான் எரிய வெக்கிறோம், மனைய எங்க பேர்ல குடுங்க" என்று அவர்களில் ஒருத்தி ரத்னா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அருணகிரி ஐயா பின்னாலேயே வந்து எங்களோடு வெயிலில் உட்கார்ந்தார். திரும்பத் திரும்பப் போனோம். கடைசியில் எங்கள் பெயரிலேயே கொடுத்தார்கள். இப்போது சங்கத்தில் இது ஒரு விதியாகிவிட்டது, யாரையும் பொய்யாக விதவை ஆக்கக் கூடாது என்று. எனக்கும் ஒரு மண்சுவர் வீடு இருக்கிறது.

போன மாதம் ரங்கூன் கெமண்டைனிலிருந்து கலியன் என்பவரும் அவர் மனைவி பூவம்மாளும் வந்து இறங்கினார்கள். வழக்கப்படி செங்கல் கொடுத்தோம், தணல் கொடுத்தோம். சோறு பொங்கினதும் பூவம்மாள் ஒரு டப்பாவைத் திறந்தாள். கூனிறாலும் பூண்டும் மிளகாயும் வறுத்த பலச்சாங். வாசனை மூக்கில் ஏறியதும் ரங்கூன் கண்ணுக்குள் வந்துவிட்டது. எனக்கும் ஒரு கை வைத்தார்கள்.

கலியன்தான் பேச்சை ஆரம்பித்தார். "எங்களுக்கு அனுமதி எல்லாம் ஓடியாடி வாங்கிக் குடுத்தது துளசிராமன் ஐயாதாம்மா. தங்கமான மனுசன். இது அவர் சம்சாரம் மா சீன் பண்ணிக் குடுத்தது. பர்மாக்காரிதான், ஆனா என்னா குணம்! அவருக்கு விஷக் காய்ச்சல் வந்து எல்லாரும் கைவிட்டப்போ, ராப்பகலா கண்ணு முழிச்சு எழுப்பி உட்காரவச்சது அந்தப் பொண்ணுதான். இப்ப ரெண்டு புள்ளைங்க."

என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கை வைத்ததை எறிய முடியாது, சாப்பிட்டு முடித்தேன். நன்றாகவே செய்திருந்தாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அங்காளம்மாள்


ரங்கூன்
9-5-1972

அங்காளம்மாளுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு வருஷம் கழித்துவிட்டேன். கலியன் சொன்னது உண்மை. காய்ச்சலில் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தார் என்று எழுதினேனே, அது மா சீன்தான். முதலில் நன்றி, பிறகு பழக்கம், பிறகு குழந்தை. உன்னிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. உன்னை விதவையாகச் சொல்லச் சொன்னபோது, என் பாரம் குறையும் என்றுதான் நினைத்தேன். அதை நீ புரிந்துகொண்டிருப்பாய்.

இப்போது எனக்கு வேலை இல்லை. அரிசிக்கு விடியற்காலையிலிருந்து வரிசை. வெளியேற அனுமதி கிடைத்துவிட்டது, மா சீனுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஐப்பசிக் கப்பலில் இடம் இருக்கிறது. சித்தப்பா பதில் போடவில்லை. இந்தியாவில் எனக்கு உன்னைத் தவிர யாரையும் தெரியாது.

கேட்க வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சங்கம் எங்களை ஏற்றுக்கொள்ளுமா? நீ வேண்டாம் என்றால் நாங்கள் வரவில்லை.

துளசிராமன்


கப்பல் சங்கம், கும்மிடிப்பூண்டி
6-8-1972

திரு. துளசிராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வைத்தேன். படித்துக் காட்டியதும் நான்தான். அருணகிரி ஐயா, "நீ சொல்றதுதாம்மா" என்று விட்டுவிட்டார். ரத்னா உங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஜோசப் சார் மட்டும், சங்கம் இதுவரை யாரையும் திருப்பி அனுப்பியது இல்லை என்றார். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். நீங்கள் வரலாம்.

போன வெள்ளிக்கிழமை தாயாரம்மாளோடு பெரியபாளையம் போனேன். ஆடிக் கூட்டம். எனக்கு முன்னால் ஒருத்தி தாலியை உண்டியலில் போட்டுவிட்டு நின்றாள், புருஷன் புதிதாகக் கட்டினான். பூசாரி என்னைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரர் எங்கம்மா?" என்றார். இருக்கிறார், நன்றாக இருக்கிறார், அதனால்தான் வந்தேன் என்றேன். வருஷா வருஷம் கயிறு மாற்றும்போது நானே போட்டுக்கொண்ட முடிச்சை நானே அவிழ்த்து உண்டியலில் போட்டேன். நான் கேட்டது உங்கள் உயிரை. அம்மன் எப்போதோ கொடுத்துவிட்டாள், அந்தப் பெண்ணின் கையால் கொடுத்தாள். நீங்கள் வந்து கட்டவேண்டும் என்று நான்தான் அம்மனை இத்தனை வருஷம் காக்கவைத்துவிட்டேன். இனி பாக்கி இல்லை.

கோயிலில் நான் அழவில்லை. பஸ்ஸில் அழுதேன். தாயாரம்மாள் ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு வெளிப்பக்கம் மறைத்து உட்கார்ந்துகொண்டார். பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எதற்கு அழிக்க வேண்டும்?

சந்திரகலாவிடம் எல்லாம் சொன்னேன். ராத்திரி, அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றால் பள்ளிக்கூடத்தில் சேருமுன் தான் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்கிறாள். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இனி, வருகிறவர்கள் எல்லாருக்கும் சங்கம் எழுதுகிற விஷயம். அந்தப் பெண்ணைக் கழுத்திலும் காதிலும் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் வரச் சொல்லுங்கள், மேசைமேல் கழற்றி வைக்கிற கொடுமை அவளுக்காவது வேண்டாம். முகத்துக்குப் பூசுகிற தனகாக் கட்டை இங்கே கிடைக்காது, ஒரு துண்டு கொண்டுவரட்டும். பிள்ளைகளுக்குக் கம்பளி வேண்டியதில்லை. மெட்ராஸில் யார் தரகு பேசினாலும் நம்பாமல் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஏறுங்கள். என் வீட்டில் உங்களுக்கு இடம் இல்லை. அது நானும் என் மகளும் கட்டியது. முகாமில் கிணற்றுப் பக்கக் கொட்டகையை ஒதுக்கியிருக்கிறோம், ஒழுகாது. சூளையில் உங்களால் முடியாது, ஜோசப் சார் மில்லில் கேட்டிருக்கிறார்.

ஸ்டேஷனில் நான் இருப்பேன். அது என் வேலை. மூன்று செங்கல் தயாராக இருக்கும். வழக்கப்படி, கடைசியாக வந்த குடும்பத்தின் அடுப்பிலிருந்துதான் தணல் எடுக்க வேண்டும். இந்த ஒரு தடவை அது என் அடுப்பிலிருந்து வரும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் புருஷன் உயிரைக் காப்பாற்றியவளுக்கு நான் வேறென்ன கொடுப்பது.

அடுப்பு எரியும்வரை உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அங்காளம்மாள்
சங்கத்துக்காக